ஹரிகேன் எவ்வளவு பலமாக வரும்? கணிப்பை நான் படிக்கும் விதம்

2024 அக்டோபர் 7, திங்கட்கிழமை. நான் காலைக் காபி போடும்போது, ஃபுளோரிடாவை நோக்கி வந்த மில்டன் 2ஆம் வகுப்பு ஹரிகேன் (காற்று வேகத்தை வைத்து 1 முதல் 5 வரை வகுப்பு, 5தான் உச்சம்). மதியச் சோறு வடித்து இறக்குவதற்குள் 5ஆம் வகுப்பு. இரவு அதன் காற்று மணிக்கு 290 கி.மீ. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் செய்திகள் ஓடிய வேகமும் அதற்குக் குறைந்ததில்லை. "அக்கா, டாம்பாவே இருக்காதாம், உண்மையா?" என்று கேட்ட தம்பியே புதன் சாயங்காலம் எழுதினார்: "அக்கா, 3ஆம் வகுப்புக்கு இறங்கிடுச்சு, தப்பிச்சோம்!"

திங்கட்கிழமைப் பயம், புதன்கிழமை நிம்மதி, இரண்டுமே ஒரே தவறிலிருந்து வந்தவை. வகுப்பு எண் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்குவதுதான் அந்தத் தவறு. அந்த எண் எப்படி வருகிறது, அதில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது, எதை நம்பலாம், எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று குழுவில் துண்டு துண்டாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் வானிலை படித்தவள் இல்லை. வேதாரண்யத்துக்காரி. ஃபுளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்து ரிவர்வியூவில் பதின்மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். மென்பொருள் சோதனை வேலை. கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தபோது, திரவ இயக்கவியல் பாடத்தில் கொந்தளிப்பு என்ற அத்தியாயத்தைத் 'தேர்வுக்கு வராது' என்று தாண்டிப் போனேன். இப்போது வருடா வருடம் ஜூன் முதல் நவம்பர் வரை அந்தத் தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு டம்ளரில் தொடங்குங்கள்

கணிப்பைப் படிப்பதற்கு முன்னால் சமையலறையில் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. இதைச் செய்யாமல் மற்றதைப் படித்தால் மனதில் நிற்காது.

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுங்கள். வடிகட்டியில் மிஞ்சிய டீச்சக்கையை அரை ஸ்பூன் போடுங்கள். புதுத் தூள் வேண்டாம், மிதக்கும். ஸ்பூனால் ஒரே திசையில் வேகமாக ஏழெட்டுச் சுற்று சுற்றிவிட்டு ஸ்பூனை வெளியே எடுங்கள். சக்கை எங்கே போய்ச் சேரும்? சுற்றுகிற தண்ணீர் எதையும் வெளிப்பக்கமாகத்தானே தள்ளும், ஓரத்தில் ஒதுங்கும் என்று என் வீட்டுக்காரர் பந்தயம் கட்டினார். ஒரு வாரம் பாத்திரம் தேய்த்தார். சக்கை அடியில், நட்ட நடுவில் குவியும்.

காரணம் இதுதான். சுற்றும் தண்ணீருக்கு வெளியே ஓடப் பார்க்கும் வேகம் ஒரு பக்கம், உள்ளே இழுக்கும் அழுத்தம் இன்னொரு பக்கம். இரண்டும் சமமாக இருப்பதால் அது வட்டத்திலேயே ஓடுகிறது. டம்ளரின் அடியைத் தொட்டு ஓடும் தண்ணீர் மட்டும் கண்ணாடியில் உரசி வேகம் இழக்கிறது. வெளியே ஓடும் பலம் குறைந்ததும் உள்ளிழுப்பு ஜெயிக்கிறது. அடித்தண்ணீர் நடுவை நோக்கிச் சரிகிறது, சக்கையையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஐன்ஸ்டீன் 1926இல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார், டீச்சக்கைதானே என்று நினைக்காமல்.

ஹரிகேனில் டம்ளரின் அடி என்பது கடல். (நம் ஊரில் புயல், இங்கே ஹரிகேன். இரண்டும் ஒரே ஜாதிதான்.) கடலோடு உரசும் காற்று வேகம் இழந்து, அழுத்தம் குறைந்த மையத்தை நோக்கிச் சரிகிறது. போகிற வழியெல்லாம் கடலின் ஈரத்தையும் சூட்டையும் வாரிக்கொண்டு போய், கண்ணைச் சுற்றியுள்ள சுவரில் மேலே ஏறுகிறது. அந்த நீராவி மேலே குளிர்ந்து மழையாகும்போது விடும் சூடுதான் புயலின் சோறு. உரசல் இல்லாவிட்டால் காற்று மையத்தைச் சுற்றிச் சும்மா வட்டம் போட்டுக்கொண்டிருக்கும், சாப்பாடு உள்ளே வராது.

டம்ளரை இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள். சுழற்சி தளர்ந்து நின்றுவிடும். அதற்கும் காரணம் அதே உரசல்தான். புயலை ஊட்டி வளர்ப்பதும் அது, மூச்சை அடக்குவதும் அது. புயல் பலத்தைக் கணிப்பது ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்று யாராவது கேட்டால், நான் இந்த டம்ளரைத்தான் காட்டுவேன்.

கடலின் மேற்பரப்பில் நடக்கும் உரசல் மேலே இருக்கும் காற்றுக்கு எப்படித் தெரியும்? சுழிகள் வழியாக. ஆற்றில் பாலத் தூணுக்குப் பின்னால் சுழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, கடலுக்கு மேலே முதல் ஐந்நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை காற்றில் சின்னதும் பெரிதுமாகச் சுழிகள் உருண்டுகொண்டே இருக்கும். மேலே இருக்கும் வேகமான காற்றைக் கீழே இறக்கும், கீழே தளர்ந்த காற்றை மேலே ஏற்றும். கொந்தளிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். விமானத்தில் நம் காபியைக் கொட்ட வைப்பதும் இதன் சொந்தக்காரன்தான்.

புயலின் வரவு செலவு

டீக்கடையில் மாஸ்டர் ஏன் டீயை அவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றுகிறார்? காற்றோடு கலக்கக் கலக்கச் சூடும் ஆவியும் சீக்கிரம் வெளியேறும். கடலையும் காற்று இப்படித்தான் ஆற்றுகிறது. வேகம் கூடினால் புயலுக்கு வரவும் கூடும். ஆனால் உரசலில் போகும் செலவும் கூடும், அதுவும் வேறு கணக்கில். வேகம் இரண்டு மடங்கானால் வரவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, செலவு எட்டு மடங்கு. எந்த வேகத்தில் செலவு வரவை எட்டிப் பிடிக்கிறதோ அங்கே புயலுக்கு உச்சவரம்பு. எம்.ஐ.டி.யின் கெர்ரி இமானுவேல் 1986இல் வகுத்த கோட்பாட்டின் சாரம் இது. கடல் எவ்வளவு சூடு, மேலே வானம் எவ்வளவு குளிர்ச்சி என்பதோடு, கடல் தரும் சூட்டுக்கும், உரசலால் கடல் காற்றை இழுத்துப் பிடிக்கும் அந்தப் பிடிக்கும் உள்ள விகிதமும் அந்த வரம்பைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு? காற்று வேகமானால் அலை உயரும், கடல் கரடுமுரடாகும், பிடியும் இறுகும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஹரிகேனுக்குள் விமானத்திலிருந்து போட்ட கருவிகளின் அளவுகளை வைத்து மார்க் பவலும் அவர் குழுவும் 2003இல் வேறு விஷயம் சொன்னார்கள். நொடிக்கு 33 மீட்டரைத் தாண்டியதும், அதாவது மணிக்கு 120 கி.மீ. வாக்கில், பிடி மேலே இறுகுவதில்லை. அந்த வேகத்தில் கடல் நுரையும் திவலையுமாக வெளுத்துப் போகிறது. சோப்புத் தண்ணீர் ஊற்றிய தளம் மாதிரி காற்று வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. புயல் சரியாக 'ஹரிகேன்' என்ற பெயரை வாங்கும் வேகத்தில் கடல் இப்படி விட்டுக்கொடுப்பது ஒரு கொடுமையான தற்செயல்தான்.

கணினிக்குத் தெரியாத இடம்

புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். கணினி மாதிரிகள் வானத்தில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் காற்றையும் வெப்பத்தையும் கணக்கிடுகின்றன. உலகம் முழுவதற்கும் ஓடும் அமெரிக்க மாதிரியில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 13 கி.மீ., ஐரோப்பிய மாதிரியில் 9 கி.மீ. ஹரிகேனுக்கென்றே 2023இல் பயன்பாட்டுக்கு வந்த ஹாஃப்ஸ் மாதிரியில், புயலின் மையத்தைச் சுற்றி சுமார் 2 கி.மீ. நாம் பேசும் சுழிகளோ பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை. 1996இல் ஃபிரான் ஹரிகேன் வட கரோலினாவில் கரையேறியபோது லாரி மேல் ஏற்றிய ரேடாரால் பார்த்தார்கள். காற்று பாய் சுருட்டியது போல நீள நீளமான உருளைகளாக ஓடிக்கொண்டிருந்தது. உருளைக்கு உருளை சராசரி 600 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் புள்ளிக் கோலத்தில் அவை புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போகும்.

காணாததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? ஒரு சூத்திரத்தை நட்டு வைப்பார்கள்: 'இவ்வளவு வேகம், இவ்வளவு உயரம் என்றால், சுழிகள் இவ்வளவு கலக்கும்'. நம் பாட்டிமார் உப்பு போடுகிற கை மாதிரிதான். அந்தக் கை கூடினாலும் குறைந்தாலும் கணினிப் புயலின் உடம்பே மாறிவிடும். கலப்பு அதிகம் என்று வைத்தால் கீழ்மட்டத்தில் உள்ளே சரியும் காற்று தடித்து, சோம்பி, கண்ணும் அகலமாகிவிடும். குறைத்து வைத்தால் இறுக்கமான, வேகமான புயல் கிடைக்கும். 2009இல் ரிச்சர்ட் ரொடுன்னோவும் கூட்டாளிகளும் புள்ளி இடைவெளியை 62 மீட்டர் வரை நெருக்கி, ஒரு கற்பனைப் புயலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். இடைவெளி 185 மீட்டர் ஆகும்வரை புயல் பலமாகிக்கொண்டே போனது. 62 மீட்டரில் சுழிகள் நிஜமாகவே உருள ஆரம்பித்ததும் பலம் இறங்கியது. கூர்ந்து பார்த்தால் சரியான விடை கிடைத்துவிடும் என்ற நம் நினைப்புக்கு அது ஒரு குட்டு.

சரி, சூத்திரத்தைத் திருத்த நிஜ அளவு வேண்டுமே. இங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது.

1989 செப்டம்பர் 15. பார்படோஸுக்குக் கிழக்கே ஹ்யூகோ ஹரிகேன். அமெரிக்க வானிலை ஆராய்ச்சி விமானம் ஒன்று, நான்கு விசிறி எஞ்சின் கொண்ட பி-3, சுமார் 450 மீட்டர் உயரத்தில் கண்சுவருக்குள் நுழைந்தது. உள்ளே இருந்தது 5ஆம் வகுப்பு. அவ்வளவு பலத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கண்சுவரில் இருந்த ஒரு குட்டிச் சுழலில் மாட்டி, உடல் எடை ஐந்து மடங்குக்கு மேல் ஆகும் உலுக்கல். நான்கில் ஓர் எஞ்சின் தீப்பிடித்தது. விமானம் 300 மீட்டருக்கும் கீழே சரிந்த பிறகுதான் கண்ணுக்குள் அமைதியான இடத்தில் வந்து விழுந்தது. மிச்ச மூன்று எஞ்சின்களோடு கண்ணுக்குள்ளேயே வட்டமடித்து மெல்ல மேலே ஏறி, விமானப்படை விமானம் ஒன்று சுவரின் மெலிந்த பகுதியைக் கண்டுபிடித்துச் சொல்ல, அந்த வழியாக வெளியேறினார்கள். அந்தப் பயணத்தில் வானிலையாளராக இருந்தவர் ஜெஃப் மாஸ்டர்ஸ். பிறகு எழுத்தால் பெயர் பெற்றவர்.

அதோடு அவ்வளவு தாழ்வாகக் கண்சுவருக்குள் போவதை நிறுத்தினார்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கருவிகள் பதிந்த எண்கள் அழியவில்லை. இருபது வருடம் கழித்து ஜுன் ஜாங் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஹ்யூகோவின் எண்களையும் 1980இல் ஆலன் ஹரிகேனில் எடுத்த எண்களையும் தூசி தட்டி எடுத்து, கண்சுவரின் அடியில் சுழிகள் நிஜத்தில் எவ்வளவு கலக்கின்றன என்று கணக்கிட்டார்கள். 2011இல் வெளிவந்தது. அப்போதைய ஹரிகேன் மாதிரியில் கலக்கும் கை ரொம்பத் தாராளமாக இருந்தது தெரிந்தது. குறைத்தார்கள். மாதிரிப் புயலின் உருவம் நிஜத்துக்கு நெருங்கியது. செத்துப் பிழைத்த ஒரு பயணத்தின் எண்கள் இன்றைக்கு என் வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடிக்கலாமா என்ற முடிவில் ஒளிந்திருக்கின்றன.

இப்போது அந்த அடி மட்டத்துக்கு மனிதரை அனுப்புவதில்லை, ஆளில்லாக் கருவிகளை விடுகிறார்கள். 2014இல் எட்வர்ட் ஹரிகேனில் கொயோட் என்ற சின்ன ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். 2022இல் இயானுக்குள் ஆல்டியஸ்-600. இன்னும் பழைய ஆயுதம் ஒன்று இருக்கிறது: பாராசூட் கட்டிய குழாய்க் கருவி. விமானத்திலிருந்து விழுந்து கடலைத் தொடும்வரை காற்றையும் அழுத்தத்தையும் சொல்லிக்கொண்டே போகும். 2025 அக்டோபரில் ஜமைக்காவைத் தாக்கிய மெலிசாவில் அப்படி ஒன்று மணிக்கு 400 கி.மீ.க்கு மேலான காற்றைப் பதிந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. அந்தக் கருவி ஒரு சுழிக்குள் விழுந்த அந்த நொடியின் வேகம் அது, புயலின் வேகம் இல்லை. அதனால்தான் கருவியின் கடைசி எண்ணை அப்படியே எடுக்காமல், அடி 150 மீட்டரின் சராசரியையும் வைத்துப் பார்ப்பார்கள். 'கருவி இவ்வளவு காட்டியது' என்று குழுவில் யாராவது படம் போட்டால், இதை நினைத்துக்கொண்டு அமைதியாக இருங்கள்.

விமானக் குலுக்கல் வீடியோக்களுக்கும் இதே பதில். மில்டனுக்குள் போன பி-3இல் சாமான்கள் பறந்த வீடியோவைப் பத்துப் பேர் எனக்கு அனுப்பினார்கள். மெலிசாவில் விமானப்படை விமானம் ஒன்று குலுக்கல் தாங்காமல் வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பியது. பயங்கரம்தான். ஆனால் குலுக்கலை வைத்துப் பலத்தை அளக்க முடியாது.

எதைத் திறந்து, எதைப் படிப்பது

மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம் அதிகாலை 5, காலை 11, மாலை 5, இரவு 11 மணிக்குப் புது அறிக்கை விடும். கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் வரும். நடுவில் வரும் அறிக்கையில் புதுக் கணிப்பு இருக்காது, நிலவரம் மட்டும்தான். ஆகவே மற்ற நேரத்தில் போனைக் கீழே வைக்கலாம். சொல்வது சுலபம், தெரியும்.

எல்லோரும் பார்ப்பது அந்த வெள்ளைக் கூம்புப் படம். புயலின் மையம் எந்த வழியில் போகலாம் என்பதை மட்டும் அது சொல்கிறது. கடந்த ஐந்து வருடப் பிழைகளை வைத்து வரைவது. மையம் மூன்றுக்கு இரண்டு தடவை அதற்குள் இருக்கும். பலம், அகலம், தண்ணீர் எதுவும் அதில் இல்லை. பாதைக் கணிப்பு என் வாழ்நாளில் அபாரமாக முன்னேறியிருக்கிறது. 1990 வாக்கில் மூன்று நாள் முன்னால் சொன்னது சராசரி 500 கி.மீ. தவறும்; இப்போது 200க்குள். காரணம், பாதையைத் தீர்மானிப்பது ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான பெரிய காற்றோட்டங்கள். கோலப் புள்ளிக்கு அவை நன்றாகவே சிக்கும். பலம் அப்படி இல்லை. அதன் தலையெழுத்து கண்சுவரின் சில கிலோமீட்டருக்குள், நமக்குத் தெரியாத சுழிகளின் கையில் கிடக்கிறது. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் பின்னால்தான் நடந்து வருகிறது.

அதனால் நான் படத்தைப் பார்த்து முடித்ததும் 'டிஸ்கஷன்' என்ற பெயரில் வரும் குறிப்பைத் திறப்பேன். படம் இல்லை, வெறும் எழுத்து, நாலைந்து பத்தி. கணிப்பாளர் தன் சந்தேகங்களை ஒளிக்காமல் எழுதும் ஒரே இடம் அது. கீழே கணிப்பாளர் பெயர் இருக்கும். நாளாக நாளாக ஒவ்வொருவர் நடையும் பழகிவிடும். காற்றை அதில் நாட் கணக்கில் போடுவார்கள். இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் கழித்தால் மணிக்கு கி.மீ.

அதில் நான் தேடுவது மூன்று நான்கு விஷயங்கள்தான். வேகமாக வலுப்பெறும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பேன். 24 மணி நேரத்தில் 30 நாட், அதாவது 55 கி.மீ., கூடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். சாதாரண நாளில் இந்த வாய்ப்பு சின்ன எண்ணாகத்தான் இருக்கும். 30, 40 என்று பார்த்தால் நான் காரில் பெட்ரோல் நிரப்பிவிடுவேன். அப்புறம், மாதிரிகள் ஒத்துப்போகின்றனவா, ஆளுக்கொரு திசையில் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். பலத்தில் ஒன்று 1 என்றும் இன்னொன்று 4 என்றும் சொன்னால், நடுவில் 2 அல்லது 3 என்று அறிக்கை வரும். அந்த நடு எண் யாருடைய நம்பிக்கையும் இல்லை, சமரசம். பிறகு விண்ட் ஷியர் என்ற சொல்: கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் அடிக்கும் காற்று, புயலைத் தலை வேறு கால் வேறாகச் சாய்ப்பது. நான் இதுவரை பேசிய சுழிக் கொந்தளிப்பும் இதுவும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஷியர் புயலுக்கு வெளியே இருக்கும் பெரிய காற்று. மாதிரிகள் அதை ஓரளவு நன்றாகவே முன்கூட்டிப் பார்க்கும். மில்டன் கரையை நெருங்கும்போது ஷியரால் வகுப்பு குறையும், ஆனால் காற்று வீசும் பரப்பு பெரிதாகும் என்று முன்பே எழுதியிருந்தார்கள். இரண்டும் நடந்தன. குழுவில் முதல் பாதியை மட்டும்தான் படித்தார்கள்.

2025லிருந்து கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு மாதிரியையும் அந்தக் குறிப்புகளில் பார்க்கலாம். அது சுழியைக் கணக்கிடுவதே இல்லை. பழைய புயல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் தாத்தா உப்பளத்தில் நின்று தெற்குக் காற்றின் வாடையை முகர்ந்து சொல்வாரே, அந்த வகை. தாத்தா பெரும்பாலும் சரியாகச் சொல்வார். ஏன் என்று கேட்டால்தான் கோபம் வரும்.

பிறகு வகுப்பில் ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். 2 என்றால் 3க்குத் தயாராவது. இது என் பயந்த சுபாவம் இல்லை. மூன்று நாள் முன்னால் சொல்லும் காற்று வேகம் சராசரியாகவே 10, 15 நாட் தவறும். கிட்டத்தட்ட ஒரு வகுப்பின் அகலம் அது. சராசரியே அவ்வளவு என்றால், மோசமான நாள் எப்படி இருக்கும்? 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ பார்த்தது. ஒரு நாள் முன்பு வரை, ஓட்டிஸ் என்ற புயல் ஹரிகேன் அளவுக்குக்கூட வளராமல் கரையேறும் என்றுதான் கணிப்பு. 25ஆம் தேதி பின்னிரவில் 5ஆம் வகுப்பாக வந்து இறங்கியது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழும் ஊர். முந்தின இரவு மையத்தின் குறிப்பிலேயே 'கொடுங்கனவு' என்ற பொருளில் எழுதினார்கள். அவ்வளவு வறட்டு நடையில் எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லைப் போட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. சுழிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சூடான கடல், சின்ன உடம்பு கொண்ட புயல், போதாத அளவுகள், எல்லாம் சேர்ந்தது. சின்னப் புயல்களிடம் எனக்கு எப்போதும் கூடுதல் பயம். ஏறுவதும் இறங்குவதும் சட்டென்று நடக்கும்.

காற்று எண்ணை வீட்டுக்கு மொழிபெயர்ப்பது

அறிக்கையில் வரும் வேகம் கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில், ஒரு நிமிடச் சராசரி. அதுவும் புயலில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் உச்சம். உங்கள் வீட்டு வாசலில் அது வராமல் போகலாம். ஆனால் நம் ஊர் வானிலை அறிக்கையில் 'இடையிடையே' என்று ஒரு சொல் வருமே, 'மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 70 கி.மீ. வேகத்திலும்' என்று, அந்த இடையிடையேதான் கூரையைப் பிடுங்குகிறது. மேலே இருக்கும் வேகக் காற்றை ஒரு சுழி அப்படியே வாரி இரண்டு மூன்று நொடிக்குத் தரையில் அறைவது அது. கடலுக்கு மேல் சராசரியை விடக் கொஞ்சம்தான் கூடுதல். வீடும் மரமும் உள்ள ஊருக்குள் சராசரி குறையும், ஆனால் உரசல் கூடுவதால் சுழியும் கூடும். வீச்சு சராசரியை விட மூன்றில் ஒரு பங்கு, சில இடத்தில் பாதிகூட, கூடுதலாக இருக்கும். தரைக்கு வந்ததும் வலுவிழந்தது என்று டிவியில் சொல்லும் அந்த முதல் மணி நேரத்தில் வெளியே போய் ஜெனரேட்டரைத் தொடக்கூடாது என்று நான் கத்துவது இதனால்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு: உயரம் போகப் போகக் காற்று கூடும், ஐந்நூறு மீட்டர் வாக்கில்தான் உச்சம். முப்பதாவது மாடி உயரத்தில் தரையை விட ஏறக்குறைய ஒரு வகுப்பு அதிகம் என்று மையமே சொல்கிறது. 'எட்டாவது மாடி, வெள்ளம் வராது, இங்கேயே இருக்கிறோம்' என்ற தோழிக்கு நான் சொன்னது, வெள்ளத்துக்கு மேலே, காற்றுக்குக் கீழே என்று மூன்று நாலாவது மாடியில் ஜன்னலில்லாத நடைபாதை பாருங்கள் என்பதுதான்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 2022இல் இயான் வந்தபோது கூம்பின் நடுக்கோடு டாம்பா மேலேயே இருந்தது. நானும் காற்றுக்குப் பயந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆர்லாண்டோவில் தெரிந்தவர் வீட்டுக்கு ஓடினேன். புயல் தெற்கே திரும்பி கேயோ கோஸ்டாவில் கரையேறி, குறுக்கே நடந்து ஆர்லாண்டோவில் மழையைக் கொட்டியது. அங்கே தெருவில் முழங்கால் தண்ணீர். ரிவர்வியூ வீட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை. பலத்தையும் கோட்டையும் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. இப்போது போகலாமா இருக்கலாமா என்ற முடிவை மாவட்டம் கொடுக்கும் வெளியேற்ற மண்டல எழுத்தை வைத்துத்தான் எடுக்கிறேன். எங்கள் தெரு 'பி'. மில்டனுக்கு ஏ, பி இரண்டும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். வகுப்பு ஏறியதும் இறங்கியதும் அந்த உத்தரவை மாற்றவில்லை. கிளம்பினோம். காற்றுக் கணிப்பை நான் படிப்பது ஜன்னலுக்குப் பலகை, கார் நிறுத்தும் இடம், எத்தனை நாள் மின்சாரம் இருக்காது, இதற்கெல்லாம்தான்.

மில்டன் அந்தப் புதன்கிழமை இரவு, டாம்பாவுக்குத் தெற்கே இருக்கும் சியஸ்டா கீயில் 3ஆம் வகுப்பாகக் கரையேறியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேஸ்பால் அரங்கத்தின் கூரைத் துணி கிழிந்து தொங்கியது, கட்டுமானக் கிரேன் ஒன்று பக்கத்துக் கட்டடத்தின் மேல் விழுந்தது, 45 செ.மீ.க்கு மேல் மழை. எல்லாம் 'தப்பிச்சோம்' என்று செய்தி வந்த பிறகு.

கடைசியாக, ஊரிலிருந்து போன் வரும்போது ஒரு விஷயம். 2018 நவம்பரில் கஜா எங்கள் பக்கம் கரையேறிய இரவு நான் இங்கிருந்து அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், லைன் கிடைக்கவில்லை. இப்போது அம்மா முறை. "ஏண்டி, அங்க 190ங்கிறான், கஜாவுக்கு இவ்வளவு சொல்லலையே?" என்கிறார். அம்மாவுக்கு நான் சொல்லும் பதில்: இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரி எடுக்கிறது, இங்கே ஒரு நிமிடம். நீண்ட நேரம் சராசரி எடுத்தால் சுழிகளின் ஏற்ற இறக்கம் கரைந்து எண் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆகவே இரண்டு நாட்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிடக் கூடாது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "சரி, தென்னை நிக்குதா சாஞ்சுதா, அதைச் சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் தென்னை இல்லை, ஓக் மரம்தான். ஒரு கிளை பக்கத்து வீட்டு வேலி மேல் கிடந்தது; சனிக்கிழமை வந்து அறுத்துக்கொடுக்க ஆள் சொல்லியிருந்தேன்.